எழுதியவரே வெளியிடுபவராக: வை.மு.கோதைநாயகி, சி.சு.செல்லப்பா வழியே தன்பதிப்பு நாவல் குறித்த ஒரு நோக்கு

திறவுச்சொற்கள்: தன்பதிப்பு, நாவல், ஜகன்மோகினி, எழுத்து பிரசுரம், நூல் விநியோகம்

முன்னுரை

தமிழ் நாவல் வரலாறு பெரும்பாலும் படைப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. நாவலை அச்சிட்டவர் யார், பிரதிகள் எவ்வழியே வாசகரை அடைந்தன, விற்காதவை எங்கே கிடந்தன என்னும் வினாக்கள் ஓரத்திலேயே நிற்கின்றன. நாவலாசிரியரே பதிப்பாளராகவும் அமையுமிடத்து இவற்றை ஒதுக்க இயலாது. தன்பதிப்பின் தடை அச்சுச் செலவே எனப் பொதுவாகக் கருதுவர். அச்சிட்டதை வாசகரிடம் சேர்ப்பதே அதனினும் கடினம் என்பதை இருவரது முயற்சிகள் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இதழைப் பற்றி நின்ற நாவல்

வை.மு.கோதைநாயகி (1901-1960) முறையாகப் பள்ளி சென்றவரல்லர். தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். 1937இல் சொந்த அச்சகமும் அமைத்தார். அவர் எழுதிய நாவல்கள் 115 என்பர்.

இவ்வெண்ணிக்கையை வியப்பதோடு ஆய்வாளர் பலர் நின்றுவிடுகின்றனர். அதனைச் சாத்தியமாக்கிய ஏற்பாடே கவனத்திற்குரியது. மாதந்தோறும் இதழை எதிர்நோக்கும் சந்தாதாரர்கள் அவருக்கு இருந்தனர். புதிய நாவலொன்றைத் தொடங்கும்போது அதற்கான வாசகரைப் புதிதாகத் தேட வேண்டிய தேவை எழவில்லை. இதழ் செல்லும் வீட்டிற்கு நாவலும் சென்றது.

தோளில் சுமந்த நூல்கள்

சி.சு.செல்லப்பாவும் இதழாசிரியரே. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’ 1970 வரை 119 இதழ்கள் வந்தது. ஆயினும் அது விமரிசனத்திற்கும் புதுக்கவிதைக்கும் களமமைத்த சிற்றிதழ். நாவலுக்குப் பெருந்திரளான வாசகரைத் திரட்டித் தரும் நோக்கம் அதற்கில்லை. ‘எழுத்து பிரசுரம்’ என்னும் பெயரில் தம் நூல்களையும் பிறர் நூல்களையும் வெளியிட்ட அவர், அவற்றைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றார். இச்செய்தியைத் தியாகக் கதையாகச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பதிப்பு வரலாற்று நோக்கில் இது விநியோக முறையொன்று இல்லாமையின் சான்று. விற்பனையாளர், முகவர், கிடங்கு ஆகிய மூன்றின் வேலையையும் ஒரே உடல் செய்தது. அவ்வேலைக்குச் சென்ற நாள்கள் எழுதுவதற்குரிய நாள்களிலிருந்தே கழிந்தன.

காந்திய காலப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகங்கள் கொண்ட பெருநாவல். அதனையும் அவரே 1997இல், தம் 85ஆம் வயதில் வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வழங்கப்பட்டது. மாறாக, 1959இல் நூலான ‘வாடிவாசல்’ பிற்காலத்தில் விநியோக வலிமை வாய்ந்த பதிப்பகத்தின் கைக்கு வந்தபின் பல பதிப்புகள் கண்டது. குறுநாவலின் அளவும் சல்லிக்கட்டு என்னும் பொருளும் இதற்குத் துணைநின்றன எனலாம். எனினும் பதிப்பக மாற்றத்தைக் கருதாமல் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

இன்றைய நிலை

திருச்சிராப்பள்ளிக் கைலாசபுரத்தில் இருந்துகொண்டு நாவல் எழுதும் ஒருவர் இன்று சென்னைக்குச் செல்லாமலே அதனை நூலாக்கலாம். பன்னாட்டுத் தரநூல் எண் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது பிரதிகளும் போதும்; ஆயிரம் பிரதிகளை வீட்டில் அடுக்கிவைக்கும் நிலையில்லை. 2016 முதல் கிண்டில் தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. அச்சுச் செலவு ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் கடைக்காரருக்குரிய கழிவு, நூலக ஆணைக்கான காத்திருப்பு, மதிப்புரை எழுதுவோரைத் தேடுதல் ஆகியன அவ்வண்ணமே உள்ளன. கோதைநாயகிக்கு இருந்த சந்தாப் பட்டியலுக்கு நிகரான ஒன்றை ஒவ்வொருவரும் தாமே திரட்ட வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர் கவலைகொள்ள வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியிடுபவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பொதுநூலகங்களுக்கும் பிரதி அனுப்புதல் வேண்டும். தன்பதிப்பாளரும் சட்டத்தின் முன் பதிப்பாளரே. ஐம்பது பிரதிகளே அச்சான நாவலொன்று இந்நூலகங்களை அடையாவிடின், அரை நூற்றாண்டுக்குப் பின் அதனைத் தேடுபவருக்கு எஞ்சுவது ஆசிரியர் வீட்டு அலமாரியே. மின்னூலாக மட்டும் வந்த நாவலுக்கு அவ்வலமாரியும் இல்லை.