வள்ளத்தில் வரும் வெளிச்சம்

2024 ஓகஸ்ட் விடுமுறையில், உம்மாவின் ஊரைப் பார்க்கப் போனோம். உம்மா நயினாதீவில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அதன் பின் எங்கள் வீடு, பள்ளிக்கூடம், கபுறடி எல்லாமே புத்தளத்தில்தான். நயினாதீவில் ஒரு பகலைக் கழித்தோம். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் உம்மாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி கல்யாணம் முடித்து நெடுந்தீவில் இருக்கிறார். அவரைக் காணாமல் வரமாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டார். எனவே குறிகாட்டுவானுக்கு வந்து மறுபடி வள்ளம் ஏறினோம். சோழகக் காற்று அடிக்கும் காலம். ஒரு மணி நேரப் பயணத்தில் தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான்.

நெடுந்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் குதிரைகளையும், பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், பெருக்கமரத்தையும் எழுதுவார்கள். அவையெல்லாம் அழகுதான். நான் எழுத வந்தது அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி.

இரவு சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மின்சாரம் நின்றது. உம்மாவின் தோழி, நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர், ரோச் லைற்றைத் தேடுவதற்கு முன்னர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த சின்னப் பெட்டியை எடுத்து, மூலையில் ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் இருந்த இன்னொரு சட்டியில் வைத்து ஈரத்துணியால் மூடினார். அது அவருடைய அம்மாவின் இன்சுலின். "2022 படிப்பிச்ச பாடம் பிள்ளை" என்றார். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் மருந்தைத் திருப்பி எடுக்க இன்னும் அரை மணி நேரம் பொறுத்தார். "வந்து வந்து போகும். உறுதிப்படட்டும்."

அம்மம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, உங்கட ஊரில கரண்ட் எதில வருது?"

நான் நுரைச்சோலையைப் பற்றிச் சொன்னேன். புத்தளத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒவ்வொன்றும் 300 மெகாவாற் கொண்ட மூன்று தொகுதிகள், மொத்தம் 900 மெகாவாற். சீனக் கடனில் சீன நிறுவனம் கட்டிய அனல்மின் நிலையம். நிலக்கரி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. கடல் கொந்தளிக்கும் சோழகக் காலத்தில் கரி இறக்க முடியாது என்பதால் முன்கூட்டியே மலைபோலக் குவித்து வைப்பார்கள்.

"அப்ப உங்களுக்குக் கப்பலில வருது, எங்களுக்கு வள்ளத்தில வருது" என்று அம்மம்மா சிரித்தார்.

அவர் சொன்னது சரியான கணக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. அங்கே டீசல் மின்பிறப்பாக்கிகள்தான் ஓடுகின்றன. ஒரு லீற்றர் டீசலை எரித்தால் ஏறத்தாழ மூன்று, மூன்றரை அலகு மின்சாரம் கிடைக்கும். அந்த லீற்றர் முதலில் கடலைக் கடந்து நாட்டுக்குள் வந்து, பிறகு இன்னொரு சின்னக் கடலைக் கடந்து தீவுக்கு வரவேண்டும். ஆனால் தீவிலிருப்பவரும் கொழும்பிலிருப்பவரும் ஒரே கட்டணப் பட்டியலின்படிதான் பணம் கட்டுகிறார்கள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். மிச்சச் செலவை நாடு சுமக்கிறது. டீசல் வாங்க டொலர் இல்லாத வருடத்தில் அந்தச் சுமை என்னவாகும் என்பதை மண்சட்டி சொல்கிறது.

காற்றும் வெயிலும் இப்படிக் கொட்டிக் கிடக்கிற தீவில் ஏன் டீசல் என்று யாரும் கேட்பார்கள். அரசாங்கமும் கேட்டது. விடை ஆயத்தமாகவே இருந்தது. ஆனால் அது கடற்படைகளின் கணக்கில் மாட்டிக்கொண்டது.

2021 ஜனவரியில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு மின்தொகுதி அமைப்பது. பணம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்ட நிதி. கேள்விப்பத்திரம் கோரித் தெரிவான நிறுவனம் சீனாவின் சினோ சோர் ஹைபிரிட் டெக்னோலஜி. பெறுமதி சுமார் 12 மில்லியன் டொலர். நாடுகளின் கணக்கில் இது சில்லறைக் காசு. ஆனால் இத்தீவுகள் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றருக்குள் இருக்கின்றன. இந்தியா ஆட்சேபித்தது. அதே வேலைக்குத் தானே நன்கொடை தருவதாகவும் சொன்னது. வேலை நின்றது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டது என்றும், அந்த நிறுவனம் மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளில் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் செய்துவிட்டது என்றும் அறிவித்தது. மூன்றாம் தரப்பின் பெயரை அது சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வரும் வழியில் தம்பி கேட்டான்: "சூரியத் தகட்டை வச்சு ராமேஸ்வரத்தை எப்பிடி உளவு பார்க்கிறது?" நாங்கள் சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி. தகடு எதையும் பார்க்காது. அதைப் பூட்டவும் பராமரிக்கவும் ஆட்கள் வருவார்கள், பல வருடங்கள் போய்வருவார்கள். அதை இயக்கும் கணினிக்குத் தொலைத்தொடர்பு இணைப்பு இருக்கும். பாக்கு நீரிணையின் நடுவில் ஒரு வெளிநாட்டின் கால் ஊன்றப்படும். இந்தியா பயந்தது அந்தக் காலுக்குத்தான். அந்தப் பயம் வெறும் பொய் என்று நான் நினைக்கவில்லை. அதேவேளை, இந்தியா வந்தாலும் அதுவும் ஒரு கால்தான்.

பத்திரிகைகளைப் புரட்டித் திகதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. எங்கள் நாட்டுக்கு மின்சாரமும் போர்க்கப்பலும் அடிக்கடி ஒரே மாதத்தில் வருகின்றன. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் வந்தபோது நுரைச்சோலை நிலையம் முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது. அதே செப்டெம்பரில் சீன நீர்மூழ்கிக் கப்பலொன்று கொழும்புத் துறைமுகத்தில் தரித்து நின்றது. 2022 மார்ச் 28ஆம் திகதி, இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது, மூன்று தீவுகளின் மின்திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே சந்தர்ப்பத்தில் கைச்சாத்தான இன்னொன்று, இலங்கைக் கடற்படைக்குக் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் அமைப்பது. அந்த நிலையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கிவிட்டது. 2025 ஏப்பிரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்திருந்த நாளில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம், இரு நாட்டு மின்வலையமைப்புகளை இணைக்கும் ஒப்பந்தம், சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் ஆரம்பம், எல்லாம் ஒரே மேசையில். சம்பூரில் முதலில் இந்தியா கட்டவிருந்தது அனல்மின் நிலையம். அது 2016இல் கைவிடப்பட்டது. கரி போய் வெயில் வந்திருக்கிறது. கட்டுகிற கை மாறவில்லை.

கடலில் நடப்பதையும் பாருங்கள். 2022 ஓகஸ்ட் 15ஆம் திகதி இந்தியா இலங்கைக் கடற்படைக்கு டோர்னியர் கண்காணிப்பு விமானமொன்றைக் கொடுத்தது. மறுநாள் சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. ஒரு விருந்தாளி வாசலில் நிற்கும்போதே மற்றவர் படலையைத் தட்டுகிறார். 2024இல் வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்கள் எதுவுமே ஒரு வருடத்துக்கு வரவேண்டாம் என்று இலங்கை சொன்னது இந்தச் சங்கடத்தினால்தான்.

இரண்டு அயல்நாட்டுக் கடற்படைகளும் 2005 முதல் சிலினெக்ஸ் என்ற பெயரில் கூட்டுப் பயிற்சி செய்கின்றன. ஆனால் நெடுந்தீவு என்ற பெயர் செய்தியில் வருவது பெரும்பாலும் "நெடுந்தீவுக்கு அருகே இந்திய மீனவர்கள் கைது" என்ற வரியில்தான். நாங்கள் போன மாதத்தின் முதல் நாள், அந்தக் கடலில் இலங்கைக் கடற்படைப் படகும் இந்திய மீன்பிடிப் படகும் மோதியதில் இந்திய மீனவர் ஒருவர் இறந்திருந்தார். அதற்கு முந்திய ஜூனில், வடகடலில் ஓர் இந்தியப் படகைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் இறந்திருந்தார். மேலே கைகுலுக்கல், கீழே இழுவைமடியில் அறுந்த வலை. அன்ரியின் கணவர் மீன்பிடிக்கிறவர். கடற்படையைப் பற்றிக் கேட்டதற்கு அவர் ஒன்றுதான் சொன்னார்: "இரவில வருத்தம் கூடினா யாழ்ப்பாணம் கொண்டு போறதும் அவையின்ர படகுதான்." புகழ்ச்சியுமில்லை, குறையுமில்லை.

இனி மின்திட்டத்துக்கு வருவோம். 2024 மார்ச் 1ஆம் திகதி, இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் மின்சார சபையும் பெங்களூரைச் சேர்ந்த யு சோலார் கிளீன் எனர்ஜி சொலூஷன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தன. இந்திய அரசின் நன்கொடை 11 மில்லியன் டொலர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்துச் சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், காற்றில் 530 கிலோவாற், மின்கலத்தில் 2,400 கிலோவாற் மணி, துணைக்கு 2,500 கிலோவாற் டீசல். கூட்டிப் பார்த்தால் வெயிலும் காற்றும் 2,230 கிலோவாற். நுரைச்சோலையில் ஏறத்தாழ நானூறில் ஒரு பங்கு.

கிலோவாற், கிலோவாற் மணி என்ற இரண்டையும் நாங்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். கிலோவாற் என்பது குழாயின் பருமன் என்று வையுங்கள், ஒரு நேரத்தில் எவ்வளவு பாயும் என்பது. கிலோவாற் மணி என்பது தொட்டியில் நிற்கும் தண்ணீர். எங்கள் மின்பட்டியலில் "அலகு" என்று வருவது அதுதான். மின்கலத்தின் தொட்டியில் 2,400 அலகு நிற்கும். ஒரு சாதாரண வீடு ஒரு நாளைக்கு மூன்று அலகு பாவித்து, அதில் பாதி இரவில் என்றால், நிரம்பிய தொட்டி 1,600 வீடுகளை ஓர் இரவு தாங்கும். பகலில் தகடுகளுக்கு நான்கு மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் 6,800 அலகு. அன்றைய பாவனை போக மிஞ்சுவது தொட்டிக்குப் போகும்.

காற்று இதற்குள் ஏன்? வெயில் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும், சோழகம் போகாது. வைகாசி முதல் புரட்டாதி வரை அது இரவிலும் அடிக்கும். டீசல் ஏன், அதுவும் வெயிலையும் காற்றையும் விடக் கூடுதலாக? மாரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் தகடு சோர்ந்துவிடும். அப்போது இன்சுலின் பெட்டிக்கு யார் பொறுப்பு? எனவே டீசல் இயந்திரம் தீவை விட்டுப் போகாது. பெரும்பாலான நாட்களில் அது தூங்கும், அவ்வளவுதான். சுத்தமான மின்சாரம் என்றால் டீசல் மணமே இருக்காது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் மீள்புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. அந்தக் கணக்கில் இந்த மூன்று தீவுகளும் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண். ஆனால் 2021 ஜனவரிக்கும் 2024 மார்ச்சுக்கும் இடையில் மூன்று வருடங்கள் போயிருக்கின்றன. வங்கி நிதிக்குப் பதில் நன்கொடை கிடைத்தது இலாபம்தான். திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மூன்று வருடத்தின் விலையை யாரும் டொலரில் எழுதவில்லை. அதற்குள்தான் பதின்மூன்று மணி நேர மின்வெட்டும் வந்துபோனது. அன்ரியிடம் கேட்டேன், யார் கட்டினால் நல்லது என்று. "கட்டிப்போட்டு உப்புக்காத்தில கறள் பிடிக்கேக்க ஆர் வந்து பாப்பினம், அதைக் கேளுங்கோ" என்றார். மின்கலம் என்றைக்கும் உழைக்காது, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அப்போது நன்கொடை வருமா, தீவின் பிள்ளைகளுக்கே அந்த வேலை தெரிந்திருக்குமா என்பதெல்லாம் ஒப்பந்தச் செய்திகளில் நான் கண்ட விடயங்கள் அல்ல.

புறப்படும் நாள் காலையில் குவிந்தா கோபுரத்தைப் பார்க்கப் போனோம். முற்காலத்தில் கப்பல்களுக்கு வழிகாட்ட அங்கே நெருப்பு ஏற்றினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். கடலில் போகிறவனுக்குத் தீவு வெளிச்சம் காட்டிய காலம் அது.

போன கிழமை உம்மா அன்ரியோடு பேசினார். நான் பக்கத்திலிருந்து மண்சட்டியைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். அது அதே மூலையில்தான் இருக்கிறதாம். மணலைக் காயவிடுவதில்லையாம்.