நெல்லின் நோயும் நாட்டின் பசியும்

அயல் மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பள்ளி இறுதித் தேர்வை நெருங்கும் ஆண்டு வந்துவிட்டால் வீட்டில் ஒரே பேச்சுத்தான். பொறியியலா, மருத்துவமா? இரண்டும் கிட்டாவிடில் பௌதிகமோ ரசாயனமோ. பொருளாதாரம் என்றோ மானிட இயல் என்றோ பிள்ளை வாய் திறந்தால், "அதைப் படித்து என்ன செய்வாய்?" என்ற கேள்வி உடனே பிறக்கும். கேள்வி நியாயமற்றதன்று. ஊரையும் உறவையும் விட்டு வந்து, மாதச் சம்பளம் ஒன்றையே நம்பி வாழும் குடும்பம், சோறு போடும் படிப்பு எது என்று பார்ப்பது இயல்பே. ஆயினும் அக்கேள்விக்குள் வேறொரு கருத்தும் ஒளிந்து நிற்கிறது. பயன்படு விஞ்ஞானமே சமுதாயத்துக்கு உதவும். சமுதாயத்தைப் பற்றிய இயல்கள் பேசிப் பொழுது போக்குவதற்கே உதவும் என்பது அக்கருத்து. இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். ஆராய்வதற்கு ஏற்ற இடம் கொல்கத்தாவின் தென்பகுதியில், பாலிகஞ்சிலேயே இருக்கிறது.

முருங்கைக்காயும் காப்பிக்கொட்டையும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குச் செல்லும் நம்மவர்களுக்குப் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலை தொலைவன்று. அச்சாலையின் 35-ஆம் எண் மனை, தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞருக்கு உரியதாய் இருந்தது. விஞ்ஞானக் கல்லூரி ஒன்று ஏற்படவேண்டும் என்பதற்காக, 1912-இல் அவர் தம் பெருஞ்செல்வத்தைக் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு வழங்கினார். தம் பெயரால் அமையும் பேராசிரியர் பதவிகளில் இந்தியரே அமரவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இன்று அந்த மனையில் தாவர இயலும் விலங்கியலும் கற்பிக்கப்பெறுகின்றன. அதே வளாகத்தில் மானிட இயலும் புள்ளியியலும் உள்ளன. இரு வகை அறிவும் ஒரே வாயிலின் வழியே சென்று வருகின்றன.

பாலித்தின் கொடையால் பயன் பெற்ற தமிழர் ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். அரசாங்க நிதித் துறையில் உயர் பதவி வகித்த சர் சி. வி. ராமன், சம்பளம் குறையும் என்று தெரிந்தும் அப்பதவியைத் துறந்து, 1917-இல் பாலித் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். 1928-இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு 1930-இல் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது. அதே பல்கலைக் கழகத்தில், அதே காலத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மற்றொருவரும் பணியாற்றினார். அவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயர். கொச்சி நாட்டின் மக்கட் பிரிவுகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, 1909-இலும் 1912-இலும் இரு பெருந்தொகுதிகள் வெளியிட்டவர். 1920-இல் இங்கே மானிட இயல் துறை தொடங்கப்பெற்றபோது, அதனை வளர்க்க அவரையே அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். ராமன் பெயரைக் குழந்தையும் சொல்லும். ஐயர் பெயரைச் சொல்வார் சிலரே. ராமன் செய்தது பயன்படு விஞ்ஞானமன்று, தூய விஞ்ஞானம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். அவருடைய ஒளிச்சிதறல் மருந்துகளின் தூய்மையை ஆராயும் கருவியாகப் பயன்படத் தொடங்கியது மிகப் பிற்காலத்தில்தான். ஆகவே, 'உடனடிப் பயன்' என்னும் அளவுகோலை வைத்தால் ராமனையும் வெளியே நிறுத்தவேண்டி வரும்!

சோறு போடும் படிப்பு என்றோம். சோற்றையே எடுத்துக்கொள்வோம்.

1943-ஆம் ஆண்டில் வங்காளம் பெரும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 லட்சம் என்று 1945-இல் விசாரணைக் குழு மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 லட்சம் வரை சொல்கின்றனர். நாட்டுப்புறத்திலிருந்து மக்கள் கல்கத்தாவுக்குத் திரண்டு வந்தனர். தெற்கே டயமண்டு ஹார்பர்ப் பக்கத்திலிருந்து வரும் ரயில் பாதை, பாலிகஞ்ச் வழியாகவே சியால்தாவைச் சேர்கிறது. வந்தவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியை, வங்க மொழியில் 'பேன்' என்பதை, வீட்டு வாயில்களில் நின்று கேட்டனர்.

பஞ்சம் ஏன் வந்தது? பயன்படு விஞ்ஞானம் தந்த விடை ஒன்று உண்டு. அந்த ஆண்டிலேயே வங்காளத்தில் பயிர் நோய் வல்லுநராகப் பணியில் சேர்ந்தவர் எஸ். ஒய். பத்மநாபன். பின்னர், கட்டாக்கில் 1946-இல் ஏற்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். 1942-இல் நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் என்னும் பூஞ்சண நோய் கடுமையாகத் தாக்கியது என்று 1973-இல் அவர் எழுதினார். பாங்குரா, சின்சுரா ஆராய்ச்சிப் பண்ணைகளில் 1941, 1942 ஆகிய இரண்டு ஆண்டுகளின் விளைச்சலை ஒப்பிட்டு, பல நெல் வகைகளின் கண்டுமுதல் பாதிக்கும் கீழே இறங்கியதை எடுத்துக் காட்டினார். அவ்வாண்டின் மழையும் மேகமூட்டமும் பூஞ்சணத்துக்கு வாய்ப்பாக அமைந்தன. இதற்கு மேல், 1942 அக்டோபரில் மிதினாப்பூர் மாவட்டத்தைப் புயல் சூறையாடியது. ஜப்பானியர் கையில் வீழ்ந்த பர்மாவிலிருந்து அரிசி வருவதும் நின்றுபோயிற்று. இவ்விடையை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. நோயைத் தாங்கும் நெல் வகைகளைத் தேடும் முயற்சி இத்தகைய அறிவிலிருந்தே எழுந்தது.

சமுதாய இயல் தந்த விடை வேறு. பஞ்சத்தைச் சிறு வயதில் கண்ணால் கண்ட அமர்த்தியா சென், 1981-இல் வெளியிட்ட தம் நூலில் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். 1943-இல் கிடைத்த உணவு தானியம், முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட நூற்றுக்கு 5 பங்கு அளவே குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட நூற்றுக்கு 13 பங்கு கூடுதல் என்பது அவர் கணக்கு. அப்படியானால் மக்கள் மாண்டது எப்படி? 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாயை எட்டியது. (வங்காள மணங்கு ஏறத்தாழ 37 கிலோ, நம் சென்னை மணங்கு இதனினும் மிகச் சிறியது.) போர்ச் செலவால் நகரத்தில் பணம் புரண்டது, ஆலைத் தொழிலாளருக்கும் அலுவலருக்கும் சலுகை விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரனின் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

மாண்டவர் யார் என்று பார்த்தால் செய்தி மேலும் துலங்குகிறது. வாரத்துக்குப் பயிரிட்டவன் விளைச்சலில் தன் பங்கை நெல்லாகவே பெற்றான்; ஆதலின் ஓரளவு தப்பினான். அதே வயலில் பணக் கூலிக்கு உழைத்தவன் அழிந்தான். மீனவரும் பெருந்தொகையாக வீழ்ந்தனர். எதிரி கைக்குப் போகலாகாது என்று அரசாங்கம் 1942-இல் கடலோரப் படகுகளைப் பறித்துக்கொண்டது இதற்குப் பெருங்காரணம். முடி திருத்தும் தொழிலாளியின் நிலை என்ன? பசித்த ஊரில் முடி திருத்திக்கொள்ள யார் வருவார்? அவன் உழைப்புக்குக் கிடைக்கும் அரிசியின் அளவு அடியோடு சரிந்தது. ஒரே மழை, ஒரே பூஞ்சணம். வீழ்ந்தவரும் தப்பியவரும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை நுண்பெருக்காடி காட்டாது.

இதனைப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே அறிய முயன்றவர் ஒருவர் உண்டு. கல்கத்தாப் பல்கலைக் கழக மானிட இயல் துறையைச் சேர்ந்த தாரகசந்திர தாஸ், 1943-இல் தம் குழுவினருடன் நகரத் தெருக்களில் இறங்கி, நடைபாதையில் கிடந்த குடும்பங்களை விசாரித்தார். எந்த ஊர், என்ன தொழில், நிலம் உண்டா, வீட்டில் யார் இறந்தார், யார் யாரைப் பிரிந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் உழவுக் கூலிகளும் சிறு குடியானவர்களுமே என்று தெரியவந்தது. நெல்லை விளைவித்த கைகளே கஞ்சிக்கு ஏந்தி நின்றன. அந்த ஆராய்ச்சியைப் பல்கலைக் கழகம் 1949-இல் நூலாக வெளியிட்டது.

சமுதாய இயலின் குறையையும் மறைத்தல் கூடாது. தாஸின் நூல் வந்தது பஞ்சம் முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து; சென்னின் நூல் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. இறந்தவர் எழுந்து வந்து படிக்கப் போவதில்லை. மேலும், சென் எடுத்தாண்ட விளைச்சல் கணக்கே நம்பத்தக்கதா என்று வாதிடுவோரும் உளர். வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. நம் பக்கத்து ரயத்துவாரிக் கிராமங்களில் கர்ணம் இருந்தார். எந்தப் புலத்தில் எவ்வளவு பயிர் என்பது அடங்கல் கணக்கில் ஏறிவிடும். 1793-இல் நிரந்தர நிலவரித் திட்டம் வந்த வங்காளத்தில் ஜமீன்தார் கட்டவேண்டிய தொகை மாறாதது; ஆகவே அத்தகைய கிராமக் கணக்கர் அமைப்பு அரசாங்கத்துக்கு இல்லை. ஊர்க் காவற்காரர் கண்ணால் மதித்துச் சொன்னதே கணக்கு. இக்குறையைப் போக்கவே பிரசாந்த சந்திர மகலநோபிஸ் 1937 முதல் சணல் பயிரை மாதிரி எடுத்து அளக்கும் முறையைக் கையாண்டு வந்தார். அவர் படித்தது பௌதிகம். அளந்தது குடியானவன் வயல். பஞ்சத்துக்குப் பின் வங்காளக் கிராமக் குடும்பங்கள் எவ்வாறு சிதைந்தன என்பதையும் அவர் குழுவினர் மாதிரி ஆய்வால் கணக்கிட்டு 1946-இல் வெளியிட்டனர். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? விஞ்ஞானியா, சமூக ஆராய்ச்சியாளரா? இக்கேள்வியே வீண் என்பது நம் கருத்து.

காலம் கடந்து வராமல், வேளைக்கு வந்து உதவிய சமுதாய அறிவுக்கும் வங்க மண்ணிலேயே சான்று உண்டு. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்தபோது, எல்லையோரப் போங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துவிடவே, டாக்டர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடாவும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மருந்து கிடைத்துவிட்டது, இனி வேலை முடிந்தது என்று எவரும் எண்ணுவர்.

முடியவில்லை. வங்காளதேசத்தில் பிராக் என்னும் அமைப்பு, 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் அள்ளிய உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கொண்டு அக்கரைசலை வீட்டிலேயே தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் கற்பித்த பெரும்பணி அது. தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பின்னர்ச் சோதித்து, அதற்கேற்பவே கற்பித்தவருக்கு ஊதியம் அளித்தனர். தொடக்கத்தில், தாய்மார் பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தனர். குழந்தைக்குப் பேதி கண்டபோது மட்டும் கரைசலைக் கலக்கவில்லை. ஏன் என்று உசாவியபோது இரண்டு காரணங்கள் வெளிப்பட்டன. கற்பிக்கச் சென்ற பெண்களுக்கே அக்கரைசலில் போதிய நம்பிக்கை பிறக்கவில்லை. வீட்டு ஆடவர்களிடமோ எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊசியும் மாத்திரையும் அல்லாத ஒன்றை மருந்தென்று ஏற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. அதன் பின், கற்பிப்போருக்குக் கரைசல் உடலில் செயற்படும் விதத்தை விளக்கிக் காட்டினர். ஆடவர்களைச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் கண்டு பேசினர். உப்பின் அளவும் வெல்லத்தின் அளவும் முன்பு இருந்தபடியேதான் இருந்தன. கரைசல் அடுப்படிக்குள் புழங்கலாயிற்று.