மிட்டாயும் மெழுகுதிரியும் கற்பிக்கும் பாடம்

ஒரு டிசம்பர் மாலை. சேலம் கடைத்தெருவில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு, சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு குடும்பம். பேருந்தில் அவர்களுக்கு அடுத்த இருக்கையில் நாம் அமர்ந்திருந்தோம். அவர்களுடைய பையில் வண்ணத்தாளும், மெழுகுதிரிகளும், மிட்டாய்ப் பொட்டலங்களும் இருந்தன. எட்டு வயதிருக்கும் சிறுமி ஒருத்தி உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். வண்டி மலையேற ஏற, அதை அடிக்கடி விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"ஆயா, இது ஏன் இப்படி உப்பிப்போச்சு?"

"எல்லாம் காத்துதான். காசை வாங்கிக்கிட்டுக் காத்தை அடைச்சு விக்கிறான்."

"கடையில வாங்கினப்ப இப்படி இல்லையே ஆயா?"

"சும்மா வா. வீட்டுக்குப் போய்த் தின்னலாம்."

சிறுமி வாய்மூடினாள். அருகிலிருந்த நாமும் வாய்திறக்கவில்லை. அதுவே பின்னர் நம் மனத்தை நெடுநாள் உறுத்திற்று.

பாட்டியின் விடையில் பொய் இல்லை. பொட்டலத்தில் காற்று இருப்பது மெய்தான். ஆனால் அச்சிறுமி கேட்டது வேறு. கீழே தளர்ந்து கிடந்த பொட்டலம் மேலே வந்ததும் ஏன் விறைத்தது என்பதே அவள் கேள்வி. எவரும் சொல்லித்தராமல், தானே கண்டு, தானே ஒப்பிட்டு, தானே ஐயுற்றாள். அறிவியல் பிறக்கும் இடம் அதுவன்றோ? அந்த இடத்தில்தான் "சும்மா வா" என்னும் இரண்டு சொற்கள் வந்து கதவை அடைத்தன. அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்கும் இந்த விடுமுறையில், நம் இல்லங்களில் எத்தனை கதவுகள் இவ்வாறு அடைபடுகின்றன என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

விழாக்காலத்து அறிவியல்

கிறிஸ்து பிறப்புக் காலத்தையும் சிறுவர்க்கான அறிவியலையும் இணைப்பது புதுமையன்று. லண்டன் மாநகரிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் நிறுவனம் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1825இல் தொடங்கிற்று. இரண்டாம் உலகப்போரின்போது சில ஆண்டுகள் நின்றது தவிர, அவை இன்றளவும் நடந்துவருகின்றன. அவற்றை 19 முறை நிகழ்த்தியவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். பள்ளியில் பயின்றது மிகக் குறைவு. புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தார். அத்தகையவர் 1860ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர்முன் நின்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் ஆறு சொற்பொழிவுகள்!

நம் நாட்டிலும் இவ்வழியில் உழைத்தவர்கள் உளர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு குழந்தைகளுக்கு வடிவியல் கற்பிக்கலாம் என்று காட்டிய அரவிந்த் குப்தாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் சிறுவர்க்காகத் 'துளிர்' என்னும் திங்களிதழை நடத்தத் தொடங்கிற்று. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகளிடம் எளிய சோதனைகளைக் கொண்டுசென்றது. ஆயினும், பள்ளிக்குத்தான் விடுமுறை உண்டு. குழந்தையின் கேள்விக்கு ஏது விடுமுறை? அந்நாள்களில் ஆசிரியராக வேண்டியவர்கள் நாமே.

சேர்வராயன் மலையில் டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கும் காலம். காலையில் தோட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் மாலையில்தான் வீடு திரும்புவர். ஆகவே, மாலையில் அரைமணி நேரம் கிடைத்தால், வீட்டிலும் பெட்டிக்கடையிலும் உள்ள பொருள்களைக் கொண்டே செய்யத்தக்க சிலவற்றை இங்கே தருகின்றோம்.

தட்டில் ஒரு வானவில்

வெள்ளைத் தட்டு ஒன்றின் உள்விளிம்பை ஒட்டி, ஐந்தாறு ஜெம்ஸ் மிட்டாய்களை நிறம் மாற்றி மாற்றி வையுங்கள். தட்டின் நடுவில் வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றுங்கள். மிட்டாயின் அடி நனைந்தால் போதும். சில நிமிடங்களில் சிவப்பும், மஞ்சளும், பச்சையும் கோலப்பொடி சிந்தினாற்போல நடுவை நோக்கிப் படர்ந்து வரும். ஒன்றையொன்று சந்தித்தும் உடனே கலந்துவிடாமல், வரப்பிட்ட வயல்போலத் தனித்தனியே நிற்கும்.

மிட்டாயின் மேலுள்ள சர்க்கரை கரைந்த நீர், வெறும் நீரைவிட அடர்த்தி மிக்கது. அதனால் தட்டின் அடியில் வழிந்து நிறத்தையும் உடன் இழுத்துச் செல்கின்றது. பக்கத்துப் பக்கத்து நீரில் சர்க்கரையின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், ஒன்று மற்றொன்றினுள் விரைந்து புகுவதில்லை. ஆனால் இவ்விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "குளிர்ந்த நீரானால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மறுதட்டில் மற்றெல்லாவற்றையும் அப்படியே வைத்து, நீரை மட்டும் மாற்றச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்னும் இந்த ஒழுங்குதான் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் முதற்பாடம்.

நூலில் விளையும் கல்கண்டு

இது பொறுமையைச் சோதிப்பது. சிறு தம்ளரால் ஒரு பங்கு நீருக்கு மூன்று பங்கு சர்க்கரை எடுத்து, நீரைக் காய்ச்சிச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். இவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். கொதிக்கும் சர்க்கரைப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பருத்தி நூல் ஒன்றை நனைத்து, சர்க்கரையில் புரட்டி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். ஆறிய பாகைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, நூல் அடியிலும் பக்கங்களிலும் படாதவாறு ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே மெல்லிய துணி. கீழே எறும்பைத் தடுக்க நீர் நிறைந்த தட்டு.

அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைத் தாங்கும். கொதிநிலையிலோ அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தாங்கும். ஆறும்போது மிகுதியான சர்க்கரைக்கு நீரில் இடமில்லை. நூலில் ஒட்டிய சிறு மணிகளைப் பற்றிக்கொண்டு, அடுக்கடுக்காகப் படிந்து கல்கண்டாகின்றது. ஒரு வாரமோ பத்து நாளோ ஆகலாம். பனிமூட்டத்தால் காற்றில் ஈரம் மிகுந்த மலையூர்களில் இன்னும் சில நாள் கூடலாம். நாம் முதன்முறை செய்தபோது, வளர்ந்துவிட்டதா என்று நாள்தோறும் நூலைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் கலங்கலான சர்க்கரைக் குவியலே மிஞ்சிற்று! இரண்டாம் முறை தொடாமல் காத்திருந்தோம், விளைந்தது. மீதிப் பாகைக் கொட்டிவிடாதீர்கள். விழா நாளின் பாயசத்துக்கு ஆகும்.

ஈர்க்குச்சியில் ஒரு விண்மீன்

கொண்டைக்கடலையை இரவு ஊறவையுங்கள். மறுநாள் அதில் ஈர்க்குச்சி எளிதாக ஏறும். மென்மையான ஜெல்லி மிட்டாயும் இதற்கு உதவும். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து, ஒரு மூலையை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்யுங்கள். குச்சி முறிந்தாலன்றி அது வடிவம் மாறாது. சாய்ந்த சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி சேர்த்துப் பாருங்கள். அதுவும் நிமிர்ந்து நிற்கும், இப்போது அது இரண்டு முக்கோணங்களன்றோ! ஓட்டுக்கூரையின் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இதே பாடம் நம் வாசலில் தொங்கும் விண்மீனிலும் உண்டு. ஒரே நீளமுள்ள ஐந்து மூங்கிற் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் ஐந்து முனைகள் கிடைக்கும். கோணமானி வைத்து அளந்தால் ஒவ்வொரு முனையும் 36 பாகை. ஐந்தும் சேர்ந்து 180 பாகை. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகையும் அதுவேதான். இவ்வாறு இரண்டு விண்மீன்கள் செய்து முனைகளை ஒன்றாகக் கட்டி, உள்ளே பட்டைகள் ஒன்றையொன்று கடக்கும் ஐந்து இடங்களிலும் குட்டைக் குச்சிகளை நிறுத்துங்கள். விண்மீன் உப்பி எழும். அதன்மேல் வண்ணத்தாளை ஒட்டினால் விழாவுக்கும் ஆயிற்று, கணக்குக்கும் ஆயிற்று.

மெழுகுதிரி செய்த திருத்தம்

ஒரு தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவில் மெழுகுதிரியை ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடினால், சுடர் அணைந்து நீர் உள்ளே ஏறும். இதனைப் பலரும் பள்ளியில் கண்டிருப்பீர்கள். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததால், அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறிற்று" என்று நாம் படித்த பள்ளியில் சொல்லித்தந்தார்கள். தேர்விலும் அவ்வாறே எழுதி முழு மதிப்பெண் பெற்றோம். ஆனால் அவ்விளக்கம் பெரும்பாலும் தவறானது!

எவ்வாறு என்று கேட்பீர்கள். மெழுகுதிரியிடமே கேட்கலாம். நீர் எப்போது ஏறுகின்றது என்று உற்றுநோக்குங்கள். ஆக்சிஜன் செலவாவதே காரணமானால், சுடர் எரியும்போதே நீர் சீராக ஏற வேண்டும். அவ்வாறன்றி, சுடர் மங்கி அணையும்போதும் அணைந்த பின்புமே பெரும்பகுதி விரைந்து ஏறுகின்றது. அடுத்து, ஒரு திரிக்குப் பதிலாக மூன்று திரிகளை ஏற்றுங்கள். தம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான். நீரோ முன்னைவிட உயரமாக ஏறும். உண்மையில், திரியின் வெப்பத்தால் தம்ளரிலுள்ள காற்று விரிகின்றது. சில வேளைகளில் விளிம்பின்வழியே அது குமிழியாக வெளியேறுவதையும் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகின்றது. ஆக்சிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடுகின்றது. எரிந்ததற்கு மாற்றாகக் கரியமில வாயுவும் தோன்றுகின்றது.

அச்சில் வந்ததையும், ஆசிரியர் சொன்னதையும், நாமே பல்லாண்டு நம்பியதையும் ஒரு சிறு மெழுகுதிரி திருத்திவிடுகின்றது. குழந்தையின் முன்னிலையில், "நான் தவறாக எண்ணியிருந்தேன்" என்று பெற்றோர் சொல்லும் அந்த ஒரு சொல், சோதனையைக் காட்டிலும் பெரிய பாடம்.

மலையே ஆய்வுக்கூடம்

நகரத்துப் பெரிய பள்ளிகளிலும் கிட்டாத ஒரு கருவி கொட்டச்சேட்டுப் பிள்ளைகளிடம் உள்ளது. அது அவர்கள் வாழும் மலை. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும், ஏர்க்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேலே செல்லச் செல்ல நம்மை அழுத்தும் காற்று குறைகின்றது. ஏர்க்காட்டில் காற்றழுத்தம் சேலத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் அங்கே நீர் 100 பாகை செல்சியசில் அன்று, 95 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதும், குக்கர் மலைவீட்டில் பெருந்துணையாவதும் இதனாலேயே.

அச்சிறுமியின் பொட்டலமும் இதைத்தான் சொல்லிற்று. சமவெளியில் மூடப்பட்ட பொட்டலத்தின் உள்ளிருந்த காற்று கூடவில்லை. வெளியே அழுத்திய காற்றுதான் குறைந்தது. அடக்குவது தளர்ந்ததும் அடங்கியிருந்தது விரிந்தது.

பெற்றோருக்குச் சில சொற்கள்

மெழுகுதிரியும் அடுப்பும் உள்ள இடத்தில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மிகச் சிறு குழந்தைகளிடம் கடினமான மிட்டாயையும் ஊறிய கடலையையும் விட்டுவைக்கலாகாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தின்பண்டம் தின்பதற்கே, சோதனைக்கு எத்தனை என்று முதலில் எண்ணி எடுத்துவையுங்கள். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், என்ன நடக்கும் என்று நினைத்தது, என்ன நடந்தது என்ற இரண்டையும் பிள்ளையே எழுதட்டும். நினைத்தது நடக்கவில்லையென்றால் அதனை அழித்து எழுத விடாதீர்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுவது அறிவியல் மட்டுமன்று, வாய்மையும் ஆகும். விடை தெரியாதபோது, "எனக்குத் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லக் கூசாதீர்கள்.

பேருந்தில் சந்தித்த அச்சிறுமிக்கு நாம் ஒரு விடை கடன்பட்டிருக்கின்றோம். அதனை இங்கே செலுத்துகின்றோம். மகளே, அடுத்த முறை நீ சேலத்துக்கு இறங்கும்போது, வெறும் தண்ணீர் பாட்டில் ஒன்றை உன் வீட்டு வாசலிலேயே இறுக மூடி எடுத்துக்கொள். அதனுள் காற்றைத் தவிர வேறொன்றும் இருக்க வேண்டாம். வழியில் திறவாதே. மலையடிவாரம் வந்ததும், எவரும் தொடாமலே அதன் பக்கங்கள் ஒடுங்கியிருப்பதைக் காண்பாய். ஏன் என்பதை இம்முறை நீயே உன் ஆயாவுக்குச் சொல்.