பழைய காரின் பிரேக்: கழற்றும் முன் ஒரு போட்டோ

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, சிக்னலில் நின்றிருந்தேன். பிரேக் பெடலில் வைத்திருந்த கால், ஈர மணலில் புதைவதுபோல மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கார் ஊர்ந்துபோய் முன்னால் நின்ற ஆட்டோவைத் தொட்டது. ஆட்டோக்காரர் திட்டவில்லை. இறங்கி வந்து, “பிரேக்க பாருங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு வயதான அந்தக் காரை நான் வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

மெக்கானிக் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்தே சொல்லிவிட்டார்: மாஸ்டர் சிலிண்டர் போச்சு. உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால் பிரேக் ஆயில் வெளியே ஒழுகாது, உள்ளுக்குள்ளேயே நழுவிப் பின்னால் போய்விடும். அதனால் தரையில் சொட்டும் இல்லை, டப்பாவில் ஆயில் குறையவும் இல்லை. அன்றே புதியது மாட்டினோம். மறுநாள் பில்லோடு, காரை விற்ற கடைக்குப் போனேன். “நாங்க குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, கெட்டுப்போயிருந்ததுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். என்னிடம் பில் மட்டுமே இருந்தது. ஆதாரமாகியிருக்க வேண்டிய பழைய சிலிண்டர் பேரீச்சம்பழத்துக்குப் போயிருந்தது.

‘பிரேக் ஃபெயிலியர்’ என்று செய்தியில் படிக்கும்போது ஏதோ திடீரென்று நடந்ததுபோலத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. பெடல் பல நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கெட்டியாகிறதா? பைப்புக்குள் காற்று புகுந்திருக்கலாம், பின் சக்கர ஷூவும் தேய்ந்திருக்கலாம். கல்லுபோல இறுகி, முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கிறதா? பூஸ்டரையோ அதற்கு வரும் வேக்குவம் ஹோஸையோ பார்க்க வேண்டும். இதை நீங்களே சோதிக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கிய பிறகும் அப்படியே அரை நிமிடம் அழுத்தி வைத்திருங்கள். இன்னும் இறங்கிக்கொண்டே போனால் என் கதைதான்.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. பின் டயரின் உள்பக்கம் ஈரக்கோடு தெரிந்தால் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது.

பலரும் கவனிக்காமல் விடுவது பிரேக் ஆயிலைத்தான். நம் கார்களில் ஊற்றும் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு மலையிறங்குவது இதைவிட மோசம்: இரண்டு மூன்று மிதியில் பூஸ்டரின் பலம் தீர்ந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது, அதில் ஈரம் ஏறுவதால்தான். விற்பனைக்கு நிற்கும் பழைய காரில் டப்பா முழுக்கப் பளிச்சென்று புது ஆயில் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்பு. தேய்ந்த பேடை அப்படியே விட்டுவிட்டு ஆயிலை மட்டும் ஊற்றி வைத்திருக்கிறார்களா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

வாங்கிய பிறகு குறை தெரிந்தால்? யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாபாரமாகக் கார் விற்கும் கடை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரேக் வேலையைச் சொதப்பிய ஒர்க்‌ஷாப்புக்கும் இதே வழிதான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருஷம். புகார் கொடுக்கும் முன் 1915-க்கு போன் செய்தால் சமரசத்துக்கு முயல்வார்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் விற்கும் டீலர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரியும்.

பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் அவர் வியாபாரி இல்லை. நுகர்வோர் ஆணையம் அவர்மேல் பாயாது. தெரிந்தே பொய் சொல்லி விற்றார் என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: தெரிந்தே மறைத்தாரா, வயதான வண்டியின் சாதாரணத் தேய்மானமா? தேய்ந்த பேடுக்காக வழக்குப் போட்டு அலைவது, என் கணக்கில், வீண் வேலை. ஒழுகும் சிலிண்டரை மறைத்து விற்றது வேறு விஷயம்.

ஆகவே கழற்றும் முன் கடைக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். பெடல் இறங்குவதை வீடியோ எடுங்கள். கிலோமீட்டர் மீட்டரும் அதில் தெரியட்டும். வேறொரு மெக்கானிக்கிடம் என்ன குறை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வழக்கு நடக்கட்டும் என்று பழுதான வண்டியை ஓட்டிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். ஆபத்தான குறை என்று தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய குறையோடோ ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்தாகி யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அப்போது பிடிபடுவது விற்றவர் அல்ல, ஓட்டியவர்.

இந்தத் தை மாதம் மச்சான் ஒரு கார் பார்க்கப் போனார். புரோக்கர் “பக்கா கண்டிஷன் சார்” என்றார். “அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், பிரேக்கில் என்ன வேலை செய்தீர்கள், வண்டி வெள்ளத்தில் நின்றதா, ரெண்டுக்கும் பதில் வேண்டும்” என்று கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். பதில் வர ஒரு நாள் ஆனது. “பின் ஷூ மாத்தணும், ஒரு வீல் சிலிண்டர் லேசா கசியுது. நாலாயிரம் குறைச்சுக்கலாம்.”