எல்லோருக்கும் வேண்டாம், உரியவருக்குத் தவறக் கூடாது

வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம் இருப்பதை அது கண்டறிகிறது. அதன் காரணத்தையும் தேட வேண்டியவர்கள் சிலர் உண்டு.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்கு ‘பியோகுரோமோசைட்டோமா’ என்னும் கட்டி உருவாகிறது. அட்ரீனலின் வகை ஹார்மோன்கள் மிகையாகச் சுரக்க, திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு வந்து போகும். ஓசூரில் ஷிப்ட் முறையில் உழைக்கும் இளைஞருக்கு இவை வந்தால், ‘தூக்கமின்மை, மன அழுத்தம்’ என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். கட்டி இருப்பதை அறியாமல் வேறொரு அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உரிய முன்தயாரிப்புடன் கட்டியை அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இந்த ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெப்ரின்களை ரத்தத்தில் அளப்பதே இதற்கான சோதனை. 2002-ல் ‘ஜாமா’ இதழில் வெளியான ஆய்வில், நோயுள்ளோரில் 99 சதவீதத்தினரை இது இனங்கண்டது. நோயற்றோரில் 89 சதவீதத்தினரையே சரியாக விலக்கியது.

அப்படியானால் எல்லோருக்கும் இதைச் செய்துவிடலாமே? நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். கணக்கு இவ்வாறு வருகிறது: உயர் ரத்த அழுத்தமுள்ள 1,000 பேரில் கட்டி உள்ளவர்கள் ஐந்து பேர் என்று கொள்வோம். சோதனை அந்த ஐவரையும் காட்டும். கூடவே, நோயற்ற சுமார் 110 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். அவர்கள் வேலையை விட்டு, கடன் வாங்கி, அத்திப்பள்ளி எல்லை தாண்டி பெங்களூருக்கு ஸ்கேனுக்காக அலைய நேரும்.

ஆகவே, உரியவரைத் தேர்ந்தெடுப்பதே முதல் படி. மேற்சொன்ன அறிகுறிகள் விட்டுவிட்டு வருபவர், மூன்று மருந்துகளுக்கும் அழுத்தம் அடங்காதவர், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர், ஸ்கேனில் தற்செயலாக அட்ரீனல் கட்டி தென்பட்டவர் ஆகியோருக்குச் சோதனை அவசியம். ரத்தம் எடுக்குமுன் 20 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும்; உட்கார்ந்தபடி எடுத்தால் அளவு பொய்யாக உயரலாம். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் முடிவைக் குழப்பும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடு தேடி வரும் ஊழியர் அழுத்தத்தை அளப்பதோடு, ‘தலைவலியும் வியர்வையும் படபடப்பும் சேர்ந்து வருகின்றனவா?’ என்று கேட்கட்டும். ‘ஆம்’ என்பவர்களுக்கு, மருத்துவர் பரிந்துரைத்தால், 2022-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி வழியே இச்சோதனை கட்டணமின்றிக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். கேள்விக்குச் செலவில்லை; கேட்காமல் விட்டால் ஓர் உயிரே விலையாகலாம்.