விரல் வலி: எந்தக் கணு, எந்த நேரம்?

ஐம்பதைத் தாண்டியவர் கை வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "வயசாச்சுல்ல" என்பது ஒன்று. "வாயுவா இருக்கும், உருளைக்கிழங்கைக் குறை" என்பது இன்னொன்று. வலிப்பது எந்தக் கணு, எந்த நேரத்தில் என்று யாரும் கேட்பதில்லை. மூட்டு மருத்துவர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.

கையை மேசைமீது கவிழ்த்து வைத்துப் பாருங்கள். கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மூன்று மூட்டுகள்: நகத்தை ஒட்டிய கணு, நடுக் கணு, விரல் கையோடு சேருமிடத்தில் துருத்தி நிற்கும் முட்டி. நகத்தை ஒட்டிய கணு பட்டாணி அளவுக்கு எலும்பாகப் புடைத்து, விரல் நுனி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இந்தப் புடைப்புகளைப் பற்றி எழுதிய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1802இல் வெளிவந்தது. இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு கூடுதல். மாதவிடாய் நின்ற வயதில் பலருக்குத் தலைகாட்டும். முளைக்கும்போது வலி எடுக்கும். பிறகு பெரும்பாலும் வலி அடங்கி, புடைப்பு மட்டும் தங்கிவிடும்.

சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் சொல்லப்படும் நோயின் வழி வேறு. அது நகக் கணுவைப் பொதுவாக விட்டுவிட்டு முட்டிகளையும் நடுக் கணுக்களையும் மணிக்கட்டையும் பிடிக்கும், அதுவும் இரண்டு கைகளிலும். வீக்கம் எலும்பாகக் கெட்டிப்படாமல், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். இது வயதால் வருவதல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள் சவ்வைத் தாக்குகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

அடுத்தது நேரம். தேய்மானத்தில் காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய, மாலையில்தான் வலி ஏறும். சரவாங்கியில் இது தலைகீழ். எழுந்ததும் பேஸ்ட்டைப் பிதுக்க வராது, ரவிக்கை ஊக்கு மாட்ட வராது, ஒரு மணி நேரம் ஆனாலும் கை மடங்காது. பகலில் கொஞ்சம் இளகும். இதில் ஒரு சங்கடம் உண்டு. நம்மூர் கிளினிக்குகளில் டாக்டரைப் பார்ப்பது பெரும்பாலும் மாலையில். அதற்குள் வீக்கம் வடிந்திருக்கும், நோயாளியும் "இப்போ பரவால்ல" என்றுவிடுவார். காலையில் வீங்கிய கையைச் செல்போனில் படம் எடுத்துப் போவது நல்லது. சரவாங்கிக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது: நோய் இருந்தும் சிலருக்கு நெகட்டிவ் வரும், நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கு பாசிட்டிவ் வரும்.

சிக்குன்குனியாவும் சரவாங்கியைப் போலவே வேஷம் போடும். 2006இல் அது தமிழ்நாட்டில் பரவியபோது, காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் விரலை மடக்க முடியாமல் இருந்தவர்கள் ஏராளம். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்றும் ஒரு பயம் உண்டு. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இடது கையில் மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தினமும் சொடக்கெடுத்துப் பார்த்து, இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று எழுதினார். வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் 2009இல் அவருக்குக் கிடைத்தது. ஒருவர் கையை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் சொடக்குப் போடும் பிள்ளையைத் திட்ட இதுவரை வலுவான காரணம் கிடைக்கவில்லை.

தேய்மானத்தில் அதிகம் படுத்துவது கட்டைவிரலின் அடி மூட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருப்பது. நுனியில் கிள்ளிப் பிடிக்கும் விசை இந்த மூட்டில் பல மடங்காக இறங்குகிறது. முருங்கைக்கீரை உருவுவது, பூத் தொடுப்பது, கோலப்பொடி விடுவது, ஜாடி மூடி திருகுவது எல்லாமே கிள்ளல்தான். சுமையை நுனியிலிருந்து உள்ளங்கைக்கும் முன்கைக்கும் மாற்றினால் வலி பாதி குறையும் என்பது அனுபவப்பட்டவர்கள் சொல்வது. ஈரத் துணியை இரண்டு கையாலும் முறுக்காமல் குழாயைச் சுற்றிப் போட்டு, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே திசையில் திருகலாம். கரண்டி, கத்திப் பிடிகளில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கலாம். பிடி பருத்தால் விரல் இறுக வேண்டியதில்லை. பாத்திரத்தை விளிம்பில் கிள்ளித் தூக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துங்கள். இடியாப்ப உரலை வேறு யாராவது பிழியட்டும்.

கட்டைவிரலைத் தாங்கும் ஸ்பிளிண்ட், வெந்நீரில் கை முக்குவது, பிசியோதெரபி பிரிவுகளில் செய்யும் மெழுகு ஒத்தடம் எல்லாம் உதவும். விரல் மூட்டுகள் தோலுக்கு அருகில் இருப்பதால் டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவிப் பார்த்த பிறகே மாத்திரைக்குப் போகலாம். மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அடி மூட்டு முற்றிலும் தேய்ந்தால் அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

சரவாங்கிக்கு இவை போதாது. முதல் சில மாதங்களில் நோயையே அடக்கும் மருந்தைத் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம். ஒருமுறை கோணிய எலும்பை மருந்து நிமிர்த்தாது. அந்த மாதங்களைப் பலர் பெயரில்லாத பொடிகளில் கழிக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோதும் முடங்கிக் கிடந்த நோயாளி சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசு. எலும்பு வலுவிழப்பது, சர்க்கரை ஏறுவது போன்ற விளைவுகள் பிறகுதான் தெளிவாயின. அப்படிப்பட்ட பொடியைப் பல மாதம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும்.

இன்று முதலில் தருவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். அதைத் தந்த லெடர்லி ஆய்வகத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்து, மிகச் சிறிய அளவில் மூட்டுக்கு வந்தது. அமெரிக்கா 1988இல் சரவாங்கிக்கு அதை அனுமதித்தது. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் பயனில்லை என்று விடக்கூடாது. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். கருத்தரிக்க நினைப்பவர்களுக்கு இது ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சீட்டில் கிழமையின் பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.