இனிஷியலில் சிக்கும் சான்றிதழ்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் பீரோவோடு சேர்த்து மார்க் ஷீட்டுகளும் ஊறிக் கூழாகிப்போயின. நகல் சான்றிதழ் கொடுக்க அரசு சிறப்பு முகாமே நடத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் டிஜிலாக்கர் என்ற டிஜிட்டல் ஆவணப் பெட்டகமும் வந்தது. இன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் வழங்கப்படும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-இல் விதியையும் திருத்திவிட்டார்கள். ஃபீஸ் பாக்கி என்று ஒரிஜினலைப் பூட்டிவைக்கும் கல்லூரிகளின் பிடி இனியாவது தளரும். அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-இல் அறிவித்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை என்பது பெற்றோருக்குத் தெரியாததல்ல.

எல்லாம் நல்லதுதான். பதிவில் ஒரு எழுத்து தப்பாகிப்போனால் யாரிடம் போய் நிற்பது? இதற்கு மட்டும் யாரும் தெளிவாகப் பதில் சொல்வதில்லை.

நம்மூர்ப் பெயர்களின் சங்கதியே வேறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிப் பதிவேட்டில் ‘எஸ். கவிதா’வாகச் சேர்ந்த பெண், ஆதாரில் ‘கவிதா எஸ்’ ஆகிறாள். பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வராஜ்’. கல்யாணத்துக்குப் பிறகு பேங்க்கில் ‘கவிதா மணிகண்டன்’. போதாக்குறைக்கு ஆங்கில ஸ்பெல்லிங். ‘தா’வுக்கு வெறும் ‘டி’யா, ‘டி’யோடு ‘ஹெச்’சும் சேர வேண்டுமா என்பது அட்மிஷன் அன்று பேனா பிடித்தவரின் இஷ்டம். நாலு பேரும் ஒரே கவிதாதான் என்று தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

காகிதக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு வழி இருந்தது. நோட்டரியிடம் போய், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு அஃபிடவிட் வாங்கி, சான்றிதழோடு பின் அடித்துக் கொடுத்துவிடலாம். சரிபார்க்கும் கிளார்க் மூக்குக் கண்ணாடியை இறக்கி முகத்தைப் பார்ப்பார், சலித்துக்கொள்வார், கடைசியில் முத்திரை குத்திவிடுவார். மென்பொருளிடம் அந்தச் சலிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. ‘பொருந்தவில்லை’ என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடும்.

இப்போது பள்ளி மாணவர்களுக்கு ‘அபார்’ என்ற 12 இலக்க எண் தருகிறார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவும் வேண்டும். கல்லூரிக்குப் போனால் ஏ.பி.சி. எனப்படும் கிரெடிட் வங்கி. 2021 விதிமுறைப்படி வந்த இதில், படித்த பாடங்களின் கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். வங்கி என்று பெயரே தவிர, கணக்குக்காரரே கவுண்டரில் பணம் கட்ட முடியாத வங்கி இது. கிரெடிட்டைப் போடும் உரிமை கல்வி நிறுவனத்துக்கு மட்டும்தான். மாணவர் நேரடியாகப் போட முடியாது. போலியைத் தடுக்க இது தேவை என்பது புரிகிறது. ஆனால் நிறுவனம் தாமதித்தாலோ தப்பாக ஏற்றினாலோ, மாணவர் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திருத்தத்துக்கு அலைவதுதான் பெரும்பாடு. பள்ளியில் கேட்டால் தேர்வுத் துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் ஆதாரை மாற்றி வரச் சொல்வார்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை 1 முறைதான். பாஸ்போர்ட்டுக்காக ஒருமுறை, கல்யாணத்துக்காக ஒருமுறை என்று மாற்றியவருக்குக் கணக்கு அத்தோடு முடிந்தது. மூன்றாவதற்குத் தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 2017-லேயே 111 பட்டதாரிகளுக்கு பிளாக்செயின் வழியாக டிகிரி வழங்கிப் பார்த்துவிட்டது. டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றிதழில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் செல்லாமல் போய்விடும். அதன் பலமே அதுதான். அப்படியென்றால் பிழையைத் திருத்தப் பழையதை ரத்து செய்து புதியதை வழங்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர், சான்றிதழைக் கொடுத்தவர் ஒருவரே. அவர் கோப்பை மேஜையில் போட்டுவைத்தால் கேட்க ஆள் வேண்டும். எத்தனை நாளில் திருத்த வேண்டும், திருத்தியது டிஜிலாக்கர், கிரெடிட் வங்கி, பல்கலைக்கழகம் என்று எல்லா இடத்துக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டுமா, பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உள்ள தொடர்பை எங்கே பதிவது என்பதையெல்லாம் ஒரு பொதுக் குழு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தேர்வு வாரியம், பல்கலைக்கழகம், பெட்டகத்தை நடத்துபவர்கள், வேலை கொடுப்பவர்கள் எல்லோரும் இருக்கட்டும்; மாணவர்களுக்கும் அதில் வாக்கோடு கூடிய இடம் வேண்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. உரிமை இருந்து என்ன, எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பது தெரியாதவரை?

இவ்வளவு கெடுபிடி இருந்தால்தான் போலிச் சான்றிதழ் ஒழியும் என்பார்கள். ஒழியட்டும். போலிக்காரர் தன் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதத் தெரிந்தவர். மாட்டிக்கொள்வது எப்போதும் இரண்டு ஸ்பெல்லிங் வைத்திருக்கும் அப்பாவிதான்.

அந்தக் குழு அமையும்போது அமையட்டும். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலை, அதாவது நாமினல் ரோலை, சரிபார்க்கக் கூப்பிடும் நாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் கையோடு கொண்டுபோய், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தாளில் இருப்பதுதான் கடைசி வரைக்கும் கூட வரப்போகிறது.